நிற்கத் தெரிந்த செல்

(கல்லங்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு இரண்டு வகையில் பெயர் உண்டு. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் இதை அறிந்தவர்கள் ஒரு வகை. விளைந்த தானியத்தையும் கொட்டிலில் பிறந்த கன்றையும் காணிக்கையாகக் கொண்டுவரும் விவசாயக் குடும்பங்களுக்குக் கல்லங்குறிச்சி என்றால் அந்தக் கோயில்தான். இன்னொரு வகையினர் நிலவியல் படித்தவர்கள். அரியலூர்ப் பாறைகளைப் பற்றி எந்த நாட்டில் யார் எழுதினாலும் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்று இந்த ஊரின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. அதில் வாழ்ந்த கிரிஃபியா என்னும் கனத்த ஓட்டுச் சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து, இன்று சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கின்றன. அரியலூர்ப் படிவங்களில் கடல் முள்ளெலிகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. 1860-களிலும் 1870-களிலும் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்த வட்டாரத்துச் சிப்பிகளையும் முள்ளெலிகளையும் ஒவ்வொன்றாக விவரித்து நூல் எழுதினார்.

நான் பேச எடுத்துக்கொண்டது, ஒரு செல் பகுப்புக்கு எப்படி ஆயத்தமாகிறது என்பது. சிப்பியும் முள்ளெலியும் இந்தப் பேச்சுக்குள் மீண்டும் வரும். முதலில் நம் வயலில் விளைவதிலிருந்து தொடங்குகிறேன்.

சின்ன வெங்காய விளைச்சலில் தமிழ்நாட்டில் முன்னணியில் நிற்பது பெரம்பலூர் மாவட்டம். செட்டிகுளம் பக்கம் போனால் வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக அடைத்து, அடுத்த நடவுக்கு விதை வெங்காயமாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். பட்டறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் வெங்காயம் வேர் விடுவதில்லை. அதன் அடியில் இருக்கும் சிறிய வட்டத் தட்டில் வேர்களுக்கான கருமுனைகள் ஏற்கெனவே உருவாகி உறங்குகின்றன. ஈரம் பட்டால் சில நாட்களில் வெள்ளை வேர்கள் கிளம்பிவிடும். பதினோராம் வகுப்புத் தாவரவியல் செய்முறையில் நாம் எல்லோரும் வெட்டியது இந்த வேரைத்தான்.

வேர் நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் போட்டுவைப்போம். பிறகு ஸ்லைடில் எடுத்து, அசிட்டோகார்மைன் விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் கொதிக்காமல் இளஞ்சூடு காட்டுவோம். கவர்ஸ்லிப்பை மூடி, மேலே மையொற்றுத் தாள் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்புச் செல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். வேரின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் பகுப்பு நடக்கிறது. அந்த இடம் சிக்கினால் சில செல்களில் குரோமோசோம்கள் தடித்த நூல்களாகக் கிடக்கும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். அவை பெரியவை, பளிச்சென்று நிறம் ஏற்பவை. உலகெங்கும் பள்ளிக்கூடங்கள் வெங்காய வேரையே தேடுவதற்குக் காரணம் இதுதான். ஒரு வெங்காயச் செல்லில் இருக்கும் டி.என்.ஏ., மனிதச் செல்லில் இருப்பதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

மாணவர்கள் அந்தச் சில செல்களைத் தேடிப் பிடித்து, முதல்நிலை, நடுநிலை, பிரிநிலை, முடிவுநிலை என்று நான்கு படம் ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மற்ற செல்களை யாரும் வரைவதில்லை. நுனியிலேயே கூட பத்துச் செல்லுக்கு ஒன்றில்தான் பகுப்பு தெரியும். மீதி ஒன்பதிலும் வட்டமான உட்கரு சும்மா கிடப்பதுபோல் தோன்றும். பழைய பாடநூல்கள் அதை ஓய்வு நிலை என்றே எழுதின. இன்று இடைக்கால நிலை என்கிறோம். அந்தப் பெயரிலும், இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஏதோ இடைவேளை என்ற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் முழுப் பேச்சும் அந்த ஒன்பது செல்களைப் பற்றித்தான். செல்லின் வாழ்நாளில் பெரும்பகுதி ஆயத்தம். அந்த ஆயத்தத்தின் உயிர்நாடி, 'இன்னும் இல்லை' என்று நிற்கத் தெரிந்திருப்பது. நிற்கத் தெரியாத செல்லைத்தான் நாம் புற்றுநோய் என்கிறோம்.

ஓய்வு நிலை என்ற எண்ணம் தகர்ந்ததும் ஒரு வேர் நுனியில்தான். 1882-இல் வால்தர் ஃபிளெமிங் சாலமாண்டரின் செல்களை வைத்துப் பகுப்பின் படிகளை வரைந்து நூலாக வெளியிட்டபோது, அவருக்குத் தெரிந்தது சாயம் ஏற்ற நூல்கள் மட்டும். எழுபது ஆண்டுகள் கழித்து, 1950-களின் தொடக்கத்தில், லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவர்ட் என்ற பெண் ஆய்வாளரும் ஸ்டீஃபன் பெல்க் என்ற இயற்பியலரும் அவரைச் செடியின் வேர்களைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த நீரில் வளர்த்தார்கள். புதிதாக டி.என்.ஏ. கட்டும் செல் அந்தப் பாஸ்பரஸை உள்ளே சேர்த்துக்கொள்ளும். பிறகு வேரைப் புகைப்படச் சுருளோடு ஒட்டிவைத்தால், எந்தச் செல் டி.என்.ஏ. கட்டியதோ அதன் மேல் கரும்புள்ளிகள் விழும்.

பகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் இரட்டிப்பும் நடக்கிறது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. கரும்புள்ளிகள் விழுந்ததோ சும்மா கிடப்பதாகத் தோன்றிய செல்களின் மேல். அதிலும் எல்லாவற்றின் மேலும் விழவில்லை. பகுப்பு முடிந்ததும் ஓர் இடைவெளி, அதன்பின் டி.என்.ஏ. கட்டும் காலம்; பின் மீண்டும் ஓர் இடைவெளி; அதற்கப்புறம்தான் பகுப்பு. 1953-இல் அவர்கள் வைத்த பெயர்களையே இன்றும் நம் மாணவர்கள் படிக்கிறார்கள்: ஜி-1, எஸ், ஜி-2, எம். இந்தச் சுற்றுக்குத்தான் செல் சுழற்சி என்று பெயர். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்றால், ஜி-1 ஏறத்தாழ 11 மணி, எஸ் 8 மணி, ஜி-2 4 மணி. கண்ணுக்குத் தெரியும் பகுப்புக்கு ஒரே ஒரு மணி.

இந்த 23 மணி நேரத்தில் என்ன நடக்கிறது? எஸ் நிலையை எடுத்துக்கொள்வோம். மனிதச் செல்லில் 600 கோடி எழுத்துகளுக்கு மேல் நகல் எடுக்க வேண்டும். நகலெடுக்கும் நொதிக்கூட்டம் நொடிக்கு ஐம்பது எழுத்து போல நகரும். நம் முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்துகள். ஒரே இடத்தில் தொடங்கி இரு திசையிலும் போனால், அந்த ஒரு குரோமோசோமை முடிக்கவே ஒரு மாதம் ஆகும். ஆகவே செல் பல்லாயிரம் இடங்களில் தொடங்குகிறது. அங்கேதான் சிக்கல் வருகிறது. பல்லாயிரம் தொடக்க இடங்களில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஒன்றுகூட இரண்டாம் முறை தொடங்கிவிடவும் கூடாது. இரண்டாம் முறை தொடங்கினால் குரோமோசோமின் அந்தத் துண்டு மட்டும் கூடுதலாகிவிடும்.

செல் இதைத் தீர்த்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்புக்கு முன்கூட்டியே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிடுவார்கள். வழங்கும் நாளில் டோக்கன் கொடுக்க மாட்டார்கள், வாங்கியவரிடம் டோக்கனைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். அதே ஏற்பாடு இங்கே உண்டு. ஜி-1 நிலையில், ஒவ்வொரு தொடக்க இடத்திலும் எம்.சி.எம். என்ற புரத வளையம் மாட்டப்படுகிறது. அப்போது அது இயங்காது. எஸ் தொடங்கியதும் வளையங்கள் இயங்கி, டி.என்.ஏ.வைப் பிரித்துக்கொண்டே இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். எந்த நொதி வளையத்தை முடுக்குகிறதோ, அதே நொதி புதிய வளையம் மாட்டுவதைத் தடுத்தும்விடுகிறது. அடுத்த பகுப்பு முடியும்வரை அந்தத் தடை நீங்காது. மாட்டும் காலமும் முடுக்கும் காலமும் ஒன்றோடொன்று கலக்கவே முடியாதபடி பிரிந்திருப்பதால் நகல் ஒரே ஒரு முறைதான்.

நகல் எடுக்கும்போதே இன்னொரு வேலையும் நடக்கிறது. நகலாகிக் கிடைத்த இரண்டு பிரதிகளும் பிரிந்து போய்விடாமல், கொஹீசின் என்ற புரத வளையங்கள் அந்த இரண்டு குரோமேட்டிட்களையும் சேர்த்துக் கட்டுகின்றன. பல மணி நேரம் கழித்துப் பிரிநிலையில் இந்தக் கட்டு ஒரே சமயத்தில் அறுபடும். பிரிக்கப்போவதை முதலில் இறுகக் கட்டிவைத்தால்தான் எது எதற்கு இணை என்று கடைசியில் தெரியும்.

வெங்காய வேரில் இன்னொரு ஆயத்தமும் உண்டு, விலங்குகளில் இல்லாதது. தாவரச் செல்லுக்குச் சுவர் உண்டு; அது இடம் மாற முடியாது. ஆகவே எந்தத் தளத்தில் பிளக்கிறது என்பதுதான் அந்த வேரின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. ஜி-2 நிலையின்போது, செல்லின் ஓரத்தை ஒட்டி, உட்கருவைச் சுற்றி நுண்குழல்கள் ஒரு பட்டையாகத் திரள்கின்றன. 1966-இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்ற இருவர் கோதுமையில் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். குரோமோசோம்கள் நடுவில் வந்து வரிசையில் நிற்பதற்கு முன்பே அந்தப் பட்டை கலைந்துபோய்விடும். பிரிநிலையும் முடிந்த பிறகு நடுவில் செல் தட்டு தோன்றி, வெளிப்பக்கமாக வளர்ந்து, பழைய சுவரைத் தொடும். தொடும் இடம், முன்பு பட்டை இருந்த அதே இடம். பட்டை போய்விட்டாலும் அங்கே சில புரதங்கள் குறியாகத் தங்கிவிடுகின்றன. எங்கே பிளப்பது என்பது, பிளப்பதற்கு வெகு நேரம் முன்பே குறித்தாயிற்று.

சரி, இத்தனையும் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? சிப்பியும் முள்ளெலியும் இங்கேதான் வருகின்றன.

1982 கோடையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் டிம் ஹண்ட் என்ற ஆங்கிலேயர் கடல் முள்ளெலி முட்டைகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அவர் தேடியது செல் சுழற்சியை அல்ல. கருவுற்ற முட்டையில் புதிய புரதங்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதை. முள்ளெலி முட்டைகள் கருவுற்றதும் எல்லாமே ஒரே நேரத்தில் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிளக்கும். அவர் புதிய புரதங்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாப் பட்டைகளும் நேரம் செல்லச் செல்லக் கருத்துக்கொண்டே வந்தன. ஒரு பட்டை மட்டும் கருத்து வந்து, முட்டை பிளப்பதற்குச் சற்று முன் காணாமல் போனது. மறுபடி கருத்தது, அடுத்த பிளவின்போது மறுபடி மறைந்தது. உயிருள்ள செல் தானே உண்டாக்கிய புரதத்தைக் குறித்த நேரத்தில் தானே அழிப்பதை அவர் கண்டுகொண்டார். அதற்குச் சைக்ளின் என்று பெயர் வைத்தார். ஒரு வகைச் சிப்பியின் முட்டையிலும் அதே போன்ற புரதங்கள் ஏறி இறங்கின. 1983-இல் கட்டுரை வெளியானது.

நம் காலடிப் பாறையில் 7 கோடி ஆண்டாகக் கிடப்பவை இதே முள்ளெலி, சிப்பி இனங்களின் பழைய உறவினர்கள். அவற்றின் முட்டைகள் இந்தக் கல்லங்குறிச்சிக் கடலில் பிளந்தபோதும் அதே சைக்ளின்தான் ஏறி இறங்கியிருக்கும். இதைக் கவிதைக்காகச் சொல்லவில்லை, சான்று உண்டு. எடின்பரோவில் பால் நர்ஸ் 1970-களில் ஆராய்ந்த ஈஸ்ட், ஆப்பிரிக்காவின் சிறுதானிய மதுவிலிருந்து பிரித்தெடுத்த இனம். அதன் சில திரிபுகள் பாதி அளவு வளர்ந்ததுமே பிளந்துவிடுவதைக் கண்டார். அவற்றில் கெட்டுப்போயிருந்தது ஒரு தடை. 'இன்னும் வளரவில்லை, பொறு' என்று சொல்லும் மரபணு அது. அந்தத் தடை எதைத் தடுத்து நிறுத்துகிறதோ, அந்த இயக்க நொதியையும் அவர் கண்டறிந்தார். சைக்ளின் சேர்ந்தால்தான் அது இயங்கும் என்பது பின்னால் தெரிந்தது. 1987-இல் அவரும் மெலனி லீயும், அந்த நொதிக்கான மரபணு கெட்டுப்போன ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்தினார்கள். மனித மரபணு ஒன்று அந்த ஈஸ்டைப் பிழைக்க வைத்தது. ஈஸ்டும் மனிதனும் கிளை பிரிந்து 100 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதோடு ஒப்பிட்டால், சாத்தனூரில் கிடக்கும் 12 கோடி ஆண்டுக் கல்மரம் நேற்று முளைத்தது.

இனி, என் பேச்சுக்கு மையமான சோதனைக்கு வருகிறேன்.

சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்டை வைத்துச் செல் சுழற்சியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தவர். ஹார்ட்வெல், நர்ஸ், ஹண்ட் மூவரும் 2001-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹார்ட்வெல்லுடன் பணியாற்றிய டெட் வைனர்ட் ஒரு கேள்வியை எடுத்தார். எக்ஸ் கதிர் பட்டு டி.என்.ஏ. அறுந்த ஈஸ்ட், பகுப்புக்கு முன் ஜி-2-வில் நின்று, சரிசெய்துகொண்டு, பிறகு போகிறது. ராட்-9 என்ற மரபணு கெட்டுப்போன ஈஸ்ட் நிற்பதில்லை. அறுந்த குரோமோசோம்களோடு பிளந்து செத்துப்போகிறது. அதற்குச் சரிசெய்யத் தெரியவில்லையா, நிற்கத் தெரியவில்லையா?

இதைப் பிரித்தறிய அவர்கள் செய்த காரியம் மிக எளிது. ராட்-9 கெட்டுப்போன ஈஸ்டுக்கு எம்.பி.சி. என்ற வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். அது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்க்கோலின் நுண்குழல் இழைகள் உருவாவதைத் தடுத்து, செல்லை வலுக்கட்டாயமாகச் சில மணி நேரம் நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் கதிர் பாய்ச்சிவிட்டு, பிறகு மருந்தைக் கழுவி நீக்கினார்கள். பெரும்பகுதி ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது! பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாம் அதனிடம் முதலிலிருந்தே இருந்தன. இல்லாமல் போனது அவகாசம் மட்டுமே. 1988-இல் இது வெளிவந்த பிறகுதான், செல்லுக்குள் சோதனைப் புள்ளிகள் உண்டு என்ற கருத்து நிலைபெற்றது.

அந்த எம்.பி.சி. என்ன என்று தெரிந்தால் இங்கே இருக்கும் விவசாயிகள் வியப்பார்கள். அது கார்பென்டசிம். வயலுக்குத் தெளிக்கவும் விதை நேர்த்திக்கும் உரக்கடையில் கேட்டு வாங்கும் அதே பூஞ்சைக்கொல்லி. ஈஸ்டும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சையின் நுண்குழல்களைக் கெடுத்து அது பிளக்க விடாமல் செய்வதால்தான் அந்த மருந்து வேலை செய்கிறது. பெருகவிடாமல் கொல்வதற்குப் பயன்படும் அதே மருந்து, நிற்கத் தெரியாத ஈஸ்டைச் சில மணி நேரம் நிறுத்திவைத்து அதன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

நுண்குழல்களைக் கெடுக்கும் இன்னொரு பொருள் நம் மாவட்டத்து மண்ணிலேயே விளைகிறது. ஜெயங்கொண்டம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். பூவைச் செங்காந்தள் என்போம், நம் மாநில மலர். அதன் விதையிலிருந்து கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். கொடிய நஞ்சு அது. மருத்துவர் அளந்து தரும்போதுதான் மருந்து. கோல்ச்சிசின் பட்ட வேர் நுனியில் கதிர்க்கோல் உருவாகாது. குரோமோசோம்கள் நடுநிலையிலேயே தங்கி நிற்கும். ஒவ்வொரு குரோமோசோமும் இரு பக்க இழைகளிலும் சரியாகப் பிடிபடும்வரை கொஹீசின் கட்டை அறுக்க விடாத சோதனைப் புள்ளி ஒன்று அங்கே உண்டு. ஒரே ஒரு குரோமோசோம் பிடிபடாமல் இருந்தாலும் மற்ற எல்லாமும் காத்திருக்கும். 1957-இல் டெய்லரும் அவர் கூட்டாளிகளும், அவரை வேரில் கோல்ச்சிசினைப் பயன்படுத்தித்தான் புதிய குரோமேட்டிட் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருப்பதைக் காட்டினார்கள்.

கோல்ச்சிசின் என்றதும் நான் ஈ.கே. ஜானகி அம்மாளை நினைக்காமல் போக முடியாது. தலச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்புச் செய்து பார்த்தவர். டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை, அந்தத் துறையின் கைநூலாக விளங்கியது. பின் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில், மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கோல்ச்சிசின் விட்டு, குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்த செடிகளை உண்டாக்கினார். இரட்டித்த குரோமோசோம், பிரியாமல் அந்தச் செல்லிலேயே தங்கிவிட்டால் அப்படி நேரும். ஆயத்தம் வேறு, பகுப்பு வேறு என்பதற்குப் பூத்து நிற்கும் மரமே சாட்சி. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வு செய்துகொண்டே 1984-இல் மறைந்தார். இவ்வளவு பெரிய அறிவியலாளரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது எனக்கு நீங்காத மனக்குறை.

மீண்டும் வெங்காயத்துக்கே வருகிறேன். நாசிக் மாவட்டத்தில் லாசல்கான் பெரிய வெங்காயச் சந்தை. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-இல் ஒரு கதிரூட்டு நிலையத்தை அமைத்தது. கோபால்ட்-60 கதிரை மிகக் குறைந்த அளவில் காட்டினால் வெங்காயம் முளைப்பதில்லை, மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். முளைக்குருத்தின் செல்களில் டி.என்.ஏ. சேதம் அடைகிறது, செல் அதை உணர்ந்து பகுப்புக்குள் நுழையாமல் நின்றுவிடுகிறது. விலங்குகளில் பி53 என்ற புரதம் செய்யும் இந்தக் காவலைத் தாவரங்களில் எஸ்.ஓ.ஜி.1 என்ற வேறொரு புரதம் செய்கிறது. இரண்டும் உறவில்லாதவை, வேலை ஒன்று. நிற்க வேண்டிய தேவை அவ்வளவு பெரியது என்பதால் இரண்டு குலங்களும் தனித்தனியாக அதற்கு வழி கண்டிருக்கின்றன.

நம் உடலில் அந்தக் காவல் எப்படி உடைகிறது என்பதற்கு, நம் கிராமத்துப் பெண்களை அதிகம் வதைத்த நோயையே சொல்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது பாப்பிலோமா வைரஸ். அந்த வைரஸுக்குச் சொந்தமாக நகலெடுக்கும் எந்திரம் கிடையாது. செல் எஸ் நிலையில் இருந்தால்தான் அது பெருக முடியும். கருப்பைவாயின் மேலடுக்குச் செல்களோ சுழற்சியை விட்டு விலகி நின்றுவிட்டவை. ஆகவே வைரஸ் இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ7 என்பது, ஜி-1 வாசலை மூடிவைத்திருக்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வாசல் திறந்ததும் 'ஏதோ தவறு' என்று பி53 நிறுத்தப் பார்க்கும். ஈ6 அந்த பி53-ஐயே அழித்துவிடுகிறது. ஈஸ்டில் ராட்-9 இல்லாதபோது நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது, பல ஆண்டுகளில், மெல்ல மெல்ல.

மெல்ல நடப்பதால்தான் தடுக்க நேரம் கிடைக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வை அம்பிளிக்கை மருத்துவமனையும், லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயதுப் பெண்களைச் செவிலியர்கள் பரிசோதித்தார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. உட்கரு பெருத்து நெருக்கமாகிவிட்ட செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே உறைகுளிர்ச் சிகிச்சை. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: ஒரே ஒரு முறை பரிசோதித்த கிராமங்களில் இந்த நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே தடவியது, நம் செய்முறையில் வேரைப் பதப்படுத்தும் அதே அமிலம். இந்த அரங்கில் உள்ள தாய்மார்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: முப்பதைத் தாண்டியவர்கள் அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வெட்கப்படவோ பயப்படவோ எதுவும் இல்லை.

நிற்பது என்றால் எப்போதும் நோயைத் தடுப்பதற்காக மட்டும் அல்ல. நம் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை சுழற்சியை விட்டு விலகி ஜி-0 என்ற நிலையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கின்றன. கல்லீரல் செல்களும் அந்த நிலையில்தான் இருக்கும். ஆனால் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் மீண்டும் சுழற்சிக்குள் வந்து, இழந்த அளவை நிரப்பி, மறுபடியும் நின்றுவிடும். தம் கல்லீரலில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாய் நலமாக வீடு திரும்புவது இதனால்தான். தொடங்குவதைவிட, போதும் என்று மறுபடி நிற்பதுதான் இன்னும் முழுமையாகப் புரியாத பகுதி.

ஆசிரியர்களுக்கு ஒன்று. அடுத்த முறை வெங்காய வேர் செய்முறை நடத்தும்போது, நான்கு படத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் நூறு செல்களை எண்ணட்டும். குரோமோசோம் தெரியும் செல் எத்தனை, தெரியாதது எத்தனை என்று எழுதட்டும். வகுப்பு முழுதும் எண்ணியதைக் கூட்டினால், சுழற்சி நேரத்தில் எத்தனை பங்கு பகுப்புக்குப் போகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுவிடலாம். காலையில் வெட்டிய வேரையும் மாலையில் வெட்டிய வேரையும் ஒப்பிடலாம். பட்டறையில் நாள்பட்ட வெங்காயத்தையும் புதிதாக அறுத்ததையும் ஒரே நாளில் ஈரமணலில் வைத்து, எது முதலில் வேர் விடுகிறது என்று பார்க்கலாம். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

செட்டிகுளத்து வெங்காய வேரில் செய்த ஸ்லைடுகளைப் பக்கத்து அறையில் நுண்ணோக்கிகளில் பொருத்தி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பெரியவர்களும் வரிசையில் வந்து பார்க்க வேண்டும். குரோமோசோம் தெரியும் செல்லைப் பார்த்த பிறகு கண்ணை எடுத்துவிடாமல், அதற்கு அடுத்த செல்லையும் பாருங்கள். அது ஜி-1-இல் இருக்கிறதா, எஸ்-இல் இருக்கிறதா என்று சாயத்தை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கும் மாணவரிடம், அந்தச் செல்லுக்குள் இப்போது என்னென்ன நடந்துகொண்டிருக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.